மீதி இருபத்திரண்டு

கருத்தம்மாள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே படித்த எழுத்துகள் மலைக்குப் போகத் தொடங்கிய சில வருடங்களில் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. எண்கள் மட்டும் நின்றன. அவற்றை மறக்கவிடாமல் வைத்திருந்தது ஏலத்தோட்டத்துத் தராசு.

கம்பத்தில் அவள் குடியிருந்த தெருவின் முனைக்கு விடிகாலை ஐந்தரைக்கு ஜீப் வரும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாலு பேர் ஏறுவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் சோற்றுவாளி. கம்பம்மெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இருபத்தேழு வருடமாக அவள் போய்வந்துகொண்டிருந்தாள். மேட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே ஏலச்செடியின் தூரில், ஈரமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சரங்களில், முத்தின காயை மட்டும் பார்த்துப் பறித்து இடுப்பில் கட்டிய சாக்கில் போட வேண்டும். பிஞ்சில் கை பட்டால் திட்டு. சாயங்காலம் நாலு மணிக்குக் கங்காணி ஜெபராஜ் தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொரு சாக்காக மாட்டுவார். ஆளின் பெயரையும் எடையையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

"கருத்தம்மா, பதினாலு."

குறைந்த நாளில் இன்னொரு வரி சேரும். "நேத்துப் பதினாலு, இன்னைக்குப் பதினொண்ணு. மீதி மூணு எங்கத்தா?"

அது பதில் எதிர்பார்க்கும் கேள்வி இல்லை. தலையைக் குனிந்தபடி காயைக் கொட்டிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மலையில் தன் மகள் கால் வைக்கக் கூடாது. கருத்தம்மாளுக்கு வாழ்க்கையில் இருந்தது இந்த ஒரு வைராக்கியம். ஒரே மகள் ஹேமாவதி. அவளை ஒரு தட்டுக் கழுவ விட்டதில்லை. வாசல் கூட்ட விட்டதில்லை. "ஒனக்குப் படிப்பு மட்டுந்தான் வேல" என்பாள். அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் டிவிக்கு வந்த கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டாள். தெருப் பிள்ளைகள் கூப்பிட்டால், "படிக்கிறா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவாள். சாயங்காலம் ஆறரைக்கு மலையிலிருந்து இறங்கி வந்ததும், கை கால் கழுவும் முன்னால், "இன்னைக்கு என்ன படிச்ச?" என்பதுதான் முதல் பேச்சு.

ஹேமா மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் கணக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே ஓடி வந்தாள். எழுபத்தெட்டு. ஜீப்பை விட்டு இறங்கிய கருத்தம்மாள் சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். நூற்றிலிருந்து கழித்தாள்.

"மீதி இருபத்திரண்டு எங்க?"

குழந்தைக்கு விளங்கவில்லை. தோளிலிருந்த பையை இறக்கி, திறந்து, உள்ளே பார்த்தாள். ஜீப்பிலிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். கருத்தம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண்டிப்பு இளகிப்போகும் என்று அடக்கிக்கொண்டாள்.

அன்று முதல் அந்தக் கேள்வி அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. எண்பத்தைந்து வாங்கினால் மீதி பதினைந்து. தொண்ணூற்றொன்று வாங்கினால் மீதி ஒன்பது. அப்பா முத்துராஜா தேங்காய்க் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர். அதட்டத் தெரியாத மனிதர். "தொண்ணூத்தொண்ணு நல்லாத்தான இருக்கு" என்பார். "நீங்க வாய மூடுங்க. நீங்க தலையத் தடவித்தான் அது இம்புட்டோட நிக்கிது" என்பாள் கருத்தம்மாள். அவர் வாயை மூடிக்கொள்வார். அவர் அறிந்த பிள்ளை வளர்ப்பு, கேட்டால் பத்து ரூபாய் கொடுப்பது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது.

அடுத்த வீட்டு மெகருன்னிசாவின் மகள் அப்ரின், ஹேமாவோடு ஒரே வகுப்பு. மெகருன்னிசாவும் அதிகம் படித்தவளில்லை. அப்ரின் சத்தம் போட்டுப் பாடம் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். இங்கிலீஷ் பாட்டு ஒன்றை மகள் வாசித்து முடித்தால், "அந்தக் கடைசி எடத்த இன்னொருக்க வாசி, கேக்க நல்லாருக்கு" என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்கும் கருத்தம்மாள், "செல்லங் குடுத்துக் கெடுக்குறா" என்று முணுமுணுப்பாள். அப்ரின் அறுபதைத் தாண்டுவது அபூர்வமாக இருந்த காலம் அது. எட்டாம் வகுப்பில் இருவரும் சமமானார்கள். ஒன்பதில் அப்ரின் மேலே போனாள். எப்போது, எதனால் அப்படி ஆனது என்று கருத்தம்மாள் யோசிக்கவில்லை. கண்டிப்பு போதவில்லை என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் ஹேமா கணக்கில் இருபத்தெட்டு வாங்கினாள். முப்பத்தைந்து இருந்தால்தான் பாஸ்.

மறுநாள் ஜீப்பில் அதுதான் பேச்சு.

"முருங்கைய ஒடிச்சு வளக்கணும், பிள்ளைய அடிச்சு வளக்கணும்" என்றாள் ஒருத்தி.

"ஒம் பிள்ளைய அடிச்சு வளத்தவதான, அவன் ஏழாப்போட ஓடிப் போனான்" என்றாள் இன்னொருத்தி. வண்டி சிரித்தது.

"அடியெல்லாம் வேணாங்கா. ஒருநா மலைக்குக் கூட்டியா. எங்கண்ணன் மகன அப்பிடித்தான் செஞ்சோம். ரெண்டு அட்ட கடிச்சுச்சு. மறுநா தன்னால புத்தகத்த எடுத்தான்."

இது அந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுதான். படிக்காத பிள்ளையை ஒருநாள் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோய், குனிந்த முதுகோடு நிற்க வைத்து, இதுதான் உன் கதி என்று காட்டுவது. கருத்தம்மாளுக்கு அது சரியென்று பட்டது. வைராக்கியத்தைக் காப்பாற்றத்தான் ஒருநாள் வைராக்கியத்தை மீறுகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஹேமாவுக்கு அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுவிட்டுக் கூட்டிப்போனாள். ஜெபராஜ் முகம் சுளித்தார்.

"படிக்கிற புள்ளைய ஏத்தா இங்கன கொண்டாந்த?"

"ஒரே ஒரு நாளைக்குண்ணே. பயங் காட்டத்தான்."

பகல் முழுக்கக் கருத்தம்மாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அழுவாள், இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள் என்று எதிர்பார்த்தாள். அட்டை கடிக்கத்தான் செய்தது. பக்கத்துப் பாத்தியில் இருந்தவள் உப்பைத் தடவி எடுத்துவிட்டாள். ஹேமா அந்த அட்டை சுருண்டு விழுவதைப் பார்த்துச் சிரித்தாள். தப்பாக ஒரு பிஞ்சைப் பறித்தபோது, "பரவால்லத்தா, மொத நாளு நாங்க பாதிச் செடியவே பிச்சோம்" என்றார்கள். மத்தியானத்துக்குள் அவள் விரல்கள் பார்க்காமலே முத்தின காயை அடையாளம் கண்டுகொண்டன.

நாலு மணிக்கு ஜெபராஜ் அவள் சாக்கைத் தராசில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏ, எல்லாரும் இங்கன பாருங்க. ஏழு கிலோ. கருத்தம்மா, நீ மொத நா எம்புட்டு எடுத்த, ஞாவகம் இருக்கா? மூணு தேறல. கை வாகு இருக்குத்தா இந்தப் புள்ளைக்கி."

"தாயி எட்டடின்னா குட்டி பதினாறடி" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி ஹேமாவின் கன்னத்தைக் கிள்ளினாள். ஹேமா சிரித்த முகத்தோடு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

கருத்தம்மாளின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பொங்கியது உண்மை. அதை அவள் விழுங்கினாள்.

"இதுல ஒண்ணும் பெரும இல்ல. கணக்குல எடு பாப்போம்."

மகளின் முகத்தில் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. முகம் மூடிய கதவுபோல ஆனது. ஜீப்பில் மலை இறங்கும்போது மற்ற பெண்களோடு பேசினாள், அம்மாவோடு பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, "நாளைக்கு நானும் வரட்டா?" என்று கேட்டாள். கருத்தம்மாள் கையை ஓங்கினாள்.

அரையாண்டில் கணக்கோடு இங்கிலீஷும் போனது. வகுப்பு டீச்சர் வரச் சொல்லியிருந்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கருத்தம்மாள் போனாள். போனதும் கையைக் கூப்பி, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர். நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். ஹேமா பக்கத்தில் நின்று கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் இளம் வயது. ஹேமாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: "அடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவளுக்குப் பதில் தெரியும். எழுப்பி விட்டா வாய் வரல. பரீட்சையில பாதிக் கணக்குப் போட்டுட்டு அடிச்சு வச்சிருக்கா. நான் பாத்தேன், அடிச்சதெல்லாம் சரியான கணக்கு. தப்பா இருந்துருமோன்னு பயம். வீட்ல என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன் டீச்சர். படி படின்னு மட்டுந்தான்."

பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், சரியான கணக்கை எதற்கு அடித்தாள் என்ற எரிச்சல்தான் அவளிடம் இருந்தது. "சரியாப் போட்டத அடிச்சியாமே, கிறுக்கா ஒனக்கு?" என்று கேட்டாள். ஹேமா நடையை எட்டிப் போட்டாள்.

பொங்கல் முடிந்த வாரம் ஹேமாவின் பத்து விரல் நகங்களிலும் மருதாணி இருந்தது. "அப்ரின் வச்சுவிட்டா" என்றாள். விசேஷம் ஒன்றுமில்லாமல் மருதாணி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, பிறகு மறந்துபோனாள்.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் கருத்தம்மாளின் ஜீப் பாதி மலையில் பஞ்சராகி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. கம்பம்மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஏழெட்டு ஜீப்புகள். பனி கலைந்து வெளிச்சம் வந்திருந்தது. நேர் முன்னால் நின்ற ஜீப்பின் திறந்த பின்பக்கத்தில் நாலு பெண்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் ஏதோ சொல்ல, ஓரத்தில் இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் போட்டிருந்தது முத்துராஜாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை. துடைத்த விரல்களில் மருதாணி.

நகக்கறை. காயின் சாறு பட்டு நகம் கறுத்துப்போகும். அதை மறைக்கத்தான்.

கருத்தம்மாள் இறங்கியிருக்கலாம். இறங்கி, முடியைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அன்று தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மகள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தாள். பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். தன் வீட்டில் அந்தப் பிள்ளை கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தது என்று யோசித்துப் பார்த்தாள். வண்டி நகர்ந்து எல்லை தாண்டும் வரை யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் முத்துராஜாவிடம்தான் முதலில் கேட்டாள். அவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளால் வாசிக்க முடியாது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எட்டு நாளா வல்லன்னு பள்ளிக்கூடத்துலருந்து மெசேஜ் வந்துச்சு" என்றார். "நீ போன பெறகு ஆறு மணிக்கு வேற ஜீப்புல போகும். நீ வர்றதுக்குள்ள வந்துரும்."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீக?"

"சாயங்காலம் சிரிச்சுக்கிட்டு வந்துச்சு கருத்தம்மா. எனக்கு ஒண்ணும் கேக்கத் தோணல."

அவள் அவரைத் திட்டவில்லை. ஹேமாவையும் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மலைக்குப் போவதை நிறுத்தினாள். பரீட்சை முடியும் வரை வீட்டில் இருப்பது என்று முடிவு செய்தாள். மெகருன்னிசாவிடம் போய், "நீ எப்பிடி மெகரு ஒக்காருவ, அது படிக்கையில?" என்று கேட்டாள்.

மெகருன்னிசா சிரித்தாள். "இதுல என்னக்கா இருக்கு? சும்மா ஒக்காருவேன். எனக்கென்ன வெளங்குதா? அவ வாசிப்பா, நாங் கேப்பேன்."

கருத்தம்மாளும் உட்கார்ந்து பார்த்தாள். கையில் சும்மா ஒரு முறத்தை வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவளைப்போல மகளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். ஹேமாவின் முதுகு விறைத்தது. கண் புத்தகத்தில் இருந்தது. அரைமணி நேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

"சத்தமா வாசித்தா. நாங் கேக்குறேன்."

ஹேமா வாசித்தாள். இரண்டாவது வரியில் நாக்குத் தடுமாறியதும் சட்டென்று நிறுத்தி, நிமிர்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடி விழப்போகிறதா என்று பார்க்கும் பார்வை. கருத்தம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருப்பதும் தப்பு, இல்லாமல் இருப்பதும் தப்பு என்றால் ஒரு தாய் எங்கேதான் இருப்பது?

ஏப்ரலில் ஹேமா எல்லாப் பரீட்சையும் எழுதினாள். சித்திரைத் திருவிழாவில் கருத்தம்மாள் வீரபாண்டிக்குப் போய்க் கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுத்தாள். அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. மெகருன்னிசா வீட்டுப் போனில்தான் பார்த்தார்கள். அப்ரினுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அவள் அதைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டாள். ஹேமாவுக்குத் தமிழில் எண்பத்தொன்று. மற்றதெல்லாம் நாற்பது, ஐம்பது. கணக்கில் முப்பத்தொன்று.

நாலு மதிப்பெண்ணில் போனது.

கருத்தம்மாள் அன்று ஒன்றும் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள். தமிழில் எண்பத்தொன்று என்பது நல்ல எண். அதைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். பழக்கமில்லாத சொல் எப்படி வரும்?

ஹேமாவே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு: "மீதி பத்தொம்பது எங்கன்னுதான கேக்கப் போற?"

ஜூலையில் துணைத்தேர்வு இருந்தது. டீச்சரே வீட்டுக்கு வந்து விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார். ஒரு பாடம்தான், பத்து நாள் நானே சொல்லித் தருகிறேன் என்றார். ஹேமா தலையாட்டினாள். அவர் போனதும் படிவத்தை மடித்து டிவி மேல் வைத்தாள்.

"எழுதலயாத்தா?" என்று கேட்டாள் கருத்தம்மாள். அந்தப் பிள்ளையிடம் அவள் கட்டளையாக இல்லாமல் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை.

"எழுதி அதுலயும் போச்சுன்னா?"

கடைசித் தேதி போனது. ஜூன் மாதம் களையெடுப்புக்கு ஆள் தேவைப்பட்டபோது ஹேமா கிளம்பினாள். வேறு தோட்டத்துக்குப் போவதைவிடத் தன் கண் முன்னால் இருக்கட்டும் என்று கருத்தம்மாள் ஜெபராஜிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். விடிகாலையில் இரண்டு சோற்றுவாளிகளுக்குச் சோறு போட்டாள். இரண்டாவது வாளியை மூடும்போது கை நின்றது, ஜீப் ஹாரன் அடித்தது, மூடினாள்.

ஆகஸ்டில் காய் எடுப்புத் தொடங்கியது. ஹேமா பத்து, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறினாள். ஜெபராஜ் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. கை வாகு பழகிப்போயிருந்தது. மாதக் கடைசியில் மூன்று நாள் மழை விடாமல் பிடித்தது. செடிக்கடியில் சேறு. ஹேமாவுக்கு முதல்நாள் இரவே உடம்பு சுட்டது, சொல்லாமல் வந்திருந்தாள்.

நாலு மணி. தராசுக்கு முன்னால் எல்லோரும் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். ஹேமாவின் சாக்கு ஏறியது.

"ஹேமாவதி, ஒம்பது" என்றார் ஜெபராஜ். நோட்டைப் பார்த்தார். "முந்தாநாளு பதிமூணு. மீதி நாலு எங்கத்தா?"

அவர் எல்லோரிடமும் கேட்பதுதான். குரலில் கோபம்கூட இல்லை. ஆனால் ஹேமாவின் கழுத்து இடப்பக்கம் சாய்ந்து குனிந்தது. கால் பெருவிரல் சேற்றைத் தேய்த்தது. பிறகு அவள் தராசிலிருந்து சாக்கைக் கழற்றி, அதன் வாயை விரித்து, உள்ளே பார்த்தாள்.

கருத்தம்மாள் பின்னால்தான் நின்றிருந்தாள். ஜீப் முன்னால் பையைத் திறந்து பார்த்த எட்டு வயதுக் குழந்தையை அவள் கண்டாள். அந்தக் கேள்வியை இத்தனை வருடம் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். அது இந்தத் தராசின் கேள்வி. தினமும் சாயங்காலம் இங்கிருந்து, காயின் வாசனையோடு சேர்த்து, அதை வீட்டுக்குச் சுமந்து போயிருக்கிறாள். மலையில் மகள் கால் வைக்கக் கூடாது என்று காவல் காத்தவள், மலையையே கொண்டுபோய் நடுவீட்டில் வைத்திருக்கிறாள்.

அவள் முன்னால் போய்த் தன் சாக்கை அவிழ்த்தாள்.

"மீதி இங்கன இருக்கு" என்றாள். "அவ பேருல எழுதிக்கங்க."

ஜெபராஜ் சிரித்தார். "நல்ல கூத்துத்தான். அப்ப ஒன்னோடதுல கொறையுமே கருத்தம்மா?"

"கொறையட்டும்."

அவள் இரு கையாலும் காயை அள்ளினாள். ஹேமா தன் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா" என்றாள் மெதுவாக. "அது ஒன்னோடது." ஒன்பது கிலோவைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு, ஜீப் நின்ற பக்கம் நடந்தாள்.

இறக்கத்தில் ஜீப் மெதுவாகப் போனது. பள்ளத்தாக்கு முழுக்க மழை நின்று வெளுத்திருந்தது. கருத்தம்மாள் எப்படியோ மகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். ஹேமா ஒரு நகத்தால் இன்னொரு நகத்தின் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இப்போது மருதாணி இல்லை. மார்ச்சில் தனித்தேர்வராக எழுதலாம் என்று டீச்சர் சொன்னது கருத்தம்மாளின் நினைவில் இருந்தது. அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"மூணாப்புல ஒரு தடவ கணக்குல எழுபத்தெட்டு வாங்குன" என்றாள். "ஞாவகம் இருக்கா?"

"இருக்கு."

"அது நல்ல மார்க்குத்தா."

ஹேமா சுரண்டுவதை நிறுத்தினாள். திரும்பவில்லை. ஜீப் ஒரு வளைவைக் கடந்தது, இன்னொன்றைக் கடந்தது.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லம்மா" என்றாள்.